கீழிருந்து வெளிச்சம் பட்ட முகம்

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை, பானிபட்டைக் கடந்து தில்லியை நெருங்கும் இடத்தில் முர்தல், குண்ட்லி ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. முர்தலின் பராத்தாக் கடைகளுக்காகவே தில்லியிலிருந்து நள்ளிரவில் கார் எடுத்துக்கொண்டு வருவோர் உண்டு. அந்தச் சாலையோரக் கடைகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே ஓடும் குறுகிய அணுகுசாலையில் மிதிவண்டிகளும் மின்ரிக்‌ஷாக்களும் டிராக்டர்களும் ஒதுங்கிச் செல்லும். 2024 டிசம்பரில் ஒரு மாலை, அந்த அணுகுசாலை வழியாகத் தச்சர் ஒருவர் தில்லியின் வடகோடியிலுள்ள நரேலாவுக்கு மிதிவண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். வயது முப்பத்துநான்கு. சொந்த ஊர் பீகாரின் தர்பங்கா மாவட்டம். பின்னிருக்கையில் கட்டியிருந்த சாக்குப்பையில் இழைப்புளியும் நான்கு உளிகளும் ஒரு கொட்டாப்புளியும் இருந்தன.

கடை முற்றம் ஒன்றிலிருந்து சிறிய சரக்கு வண்டி ஒன்று சாலைக்கு வந்தது. தமிழ்நாட்டில் குட்டியானை என்று நாம் சொல்லும் அதே வகை வண்டியை அங்கே சோட்டா ஹாத்தி என்கிறார்கள். பெயரின் பொருளும் அதுவே. இடப்புறமாகத் திரும்பிச் சாலையில் சேர வேண்டிய ஓட்டுநர், தம் வலப்பக்கம் வருவோரைப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். தச்சர் வந்துகொண்டிருந்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான். வண்டி நின்றது போலிருந்தது. தமக்கு வழிவிடுகிறார் என்று எண்ணித் தச்சர் மிதித்தார். மறுகணம் அது நகர்ந்தது. கீழே விழுந்தவரின் வலக்கையின்மீது பின்சக்கரம் ஏறி நின்றது.

அதற்கு முந்தைய ஒரு நொடியில் அவர் கண்டது ஓட்டுநரின் முகத்தை. வண்டியின் உள்ளே விளக்கு இல்லை. ஆயினும் மோவாயும் மூக்கின் அடிப்புறமும் தெரியும்படி அந்த முகம் கீழிருந்து நீலவெளிச்சம் பட்டுத் துலங்கியது. கண்கள் தாழ்ந்திருந்தன. மருத்துவமனையில் நினைவு திரும்பியதும் தம்பியிடம் அவர் முதலில் சொன்னது இதைத்தான் என்கிறார்கள். கை போனதைப் பற்றி அவர் பேசியது அதற்குப் பின்னரே.

முதல் தகவல் அறிக்கையில் அந்த வெளிச்சம் இல்லை. "அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டி" என்ற வழக்கமான தொடர் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதையின் 281-ஆம் பிரிவும் 125-ஆம் பிரிவும் குறிக்கப்பட்டிருந்தன. நின்ற நிலையிலிருந்து பத்தடி நகர்ந்த ஒரு வண்டி எவ்வாறு அதிவேகமாக வந்திருக்க முடியும் என்று எவரும் வினவவில்லை. அச்சிட்ட படிவம் போல் மனத்தில் பதிந்துவிட்ட ஒரு வாக்கியத்தை எழுத்தர் எழுதினார். கை நசுங்கிய மனிதரின் தம்பி அதில் ஒப்பமிட்டார். தம்பிக்கு அது புரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

இந்தியாவின் சாலை விபத்துப் புள்ளிவிவரங்களைப் படிப்போர் இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்வது நன்று. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2021-இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,53,972 பேர். அலைபேசிப் பயன்பாட்டால் நேர்ந்தவை எனப் பதிவானவை 1,997 விபத்துகள். அவற்றில் இறந்தோர் 1,040 பேர். மொத்த இறப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதே ஆண்டில் இறப்புகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டது. அதிவேகம் கொல்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அலைபேசி ஒரு விழுக்காடுகூடக் கொல்லவில்லை என்பதை, ஒரு மாலைப்பொழுதில் ஏதேனும் ஒரு நகரச் சந்திப்பில் பத்து நிமிடம் நின்று பார்த்தவர் எவரும் நம்பமாட்டார். வேகம் சாலையில் தடம் விடுகிறது. நசுங்கிய தகட்டில் தெரிகிறது. சாட்சிகள் அதைச் சொல்கிறார்கள். கவனம் எங்கே இருந்தது என்பதற்குத் தடமில்லை. விபத்து நேர்ந்த மறுநொடியில் அலைபேசி சட்டைப்பைக்குள் போய்விடுகிறது.

ஆய்வுலகம் இதை நெடுங்காலமாகப் பேசிவருகிறது. டொராண்டோவில் 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து ரெடல்மையரும் டிப்ஷிராணியும் 1997-இல் வெளியிட்ட கட்டுரை, பேசிக்கொண்டு ஓட்டும் வேளையில் மோதலின் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்றது. கையில் பிடிக்காமல் பேசும் கருவி பாதுகாப்பானது என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. 2001-இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரேயரும் ஜான்ஸ்டனும் ஆய்வுக்கூடச் சோதனையில் இதையே வேறு வழியில் கண்டார்கள்: உரையாடலில் இருந்தோர் தவறவிட்ட சைகைகளின் எண்ணிக்கை இருமடங்கானது, கருவி கையில் இருந்ததா காதில் இருந்ததா என்பதால் வேறுபாடு எழவில்லை. கண் திறந்திருக்கிறது, பார்வை பதியவில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. ஒரு செய்தியைப் படிக்க ஐந்து நொடி எடுத்துக்கொண்டால் நூறு மீட்டருக்கு மேல் அந்த வண்டியில் ஓட்டுநர் இல்லை. நரேலாத் தச்சரின் நிகழ்வில் அந்தக் கணக்குக்கூடத் தேவைப்படவில்லை. பத்தடி போதுமாயிருந்தது.

நம் சட்டமோ இன்னமும் கையைத்தான் பார்க்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதல் என வெளிப்படையாகச் சொல்கிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான், அலைபேசியில் பேசியபடி ஓட்டுவது மட்டுமே தம் மாநிலக் காவல் சட்டத்தின் ஒரு பிரிவின்கீழ்க் குற்றமாகாது என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியிருந்தது; சட்டத்தில் அவ்வளவு இடைவெளி இருந்தது. திருத்தத்துக்குப் பின் 2020-இல் விதிகளில் ஒரு விலக்கும் சேர்ந்தது: வழி அறிவதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் கலையாத வகையில், கருவியைப் பயன்படுத்தலாம். கவனம் கலையாத வகை எது என்பதை விதி விளக்கவில்லை. காதைப் பற்றியும் பேசவில்லை. 2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில், ஆளில்லா ரயில் கடவையில் பள்ளி வேன்மீது ரயில் மோதிப் பதின்மூன்று குழந்தைகள் இறந்தார்கள். ஓட்டுநர் காதில் இயர்ஃபோன் மாட்டியிருந்தார் என்றே முதற்கட்டத் தகவல்கள் கூறின. அடுத்த ஆண்டு தொடக்கத்துக்குள் அகலப்பாதையிலிருந்த ஆளில்லாக் கடவைகளை ரயில்வே ஒழித்துவிட்டது. அது பெரிய பணி, பாராட்டுக்குரிய பணி. இயர்ஃபோன்கள் அப்படியே இருக்கின்றன.

தச்சரிடம் திரும்புவோம். தாபாவில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த இளைஞரும் வேறொருவரும் அவரைத் தூக்கி ஒரு மின்ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள். முதலில் சென்ற தனியார் மருத்துவ இல்லத்தில் முன்பணம் கேட்டார்கள். இல்லையென்றதும் எல்லைக்கு அப்பால் தில்லிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஸ்கூட்டரில் சென்றவர் காரால் அடிபட்டு, ஒரு மருத்துவர் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பியதால் வழியிலேயே இறந்த செய்தியைக் கையிலெடுத்துக்கொண்டு பர்மானந்த் கட்டாரா உச்ச நீதிமன்றம் சென்றார். அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிரைக் காப்பதே முதற்கடமை என்று 1989-இல் தீர்ப்பு வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, அதே போன்றதொரு மாலையில் அதே பதில். அரசு மருத்துவமனையை அடைந்தபோது இரண்டரை மணி நேரம் கடந்திருந்தது. முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள். முன்பே வந்திருந்தால் கை பிழைத்திருக்குமா என்பதை எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்லமாட்டார். அந்த வினா அவருடைய மனைவியை விட்டு அகன்றதாகவும் தெரியவில்லை.

காயம்பட்டவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் பணமின்றிச் சிகிச்சை அளிக்கத் திட்டம் வகுக்க வேண்டும் எனச் சட்டத்தின் 162-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, திட்டம் வரவில்லை. கோயம்புத்தூரின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு இன்றும் நடந்துவருகிறது. சாலையில் முறிந்த எலும்புகளை நாள்தோறும் பார்த்துச் சலித்த ஒரு மருத்துவர் நீதிமன்றத்தை நாடியதன் பலன்கள் பல. அவற்றுள் ஒன்று, 2025 ஜனவரியில் இத்திட்டத்தை உடனே வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை. அவ்வாண்டு மே 5 அன்று அறிவிக்கை வந்தது: விபத்துக்குள்ளான ஒருவருக்கு ஏழு நாள்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. தச்சரின் குடும்பம் அதற்கு ஐந்து மாதங்கள் முன்னரே மாதம் நூற்றுக்கு மூன்று வட்டியில் கடன் வாங்கியிருந்தது.

இழப்பீட்டைப் பற்றி அவர்களிடம் முதலில் பேசியவர் ஒரு தரகர். மருத்துவமனை வாசலில் அத்தகையோர் எப்போதும் நிற்பார்கள். வருவதில் மூன்றில் ஒரு பங்கு என்றார். ஒரு வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்டார். வழக்கின் விளைவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் இந்திய வழக்கறிஞர்களுக்கு விதிப்படி விலக்கப்பட்டவை. அமெரிக்காவில் அது இயல்பான ஏற்பாடு. இங்கே அது நடத்தை விதி மீறல். மீறல் என்பதால் நடவாமல் இல்லை. ஆனால் எழுத்தில் வராத ஒப்பந்தம் ஏழையைத்தான் கடைசியில் ஏமாற்றும். தச்சரின் மனைவி அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சட்டம் தெரிந்து செய்த செயல் அல்ல அது. வெற்றுத்தாளில் கையொப்பமிட்டுத் தந்தை நிலம் இழந்த கதையை அவர் சிறுவயதில் பார்த்திருந்தார்.

ஐந்தாம் மாதத்தில்தான், கை இழந்தவருக்கான சான்றிதழ் வாங்கச் சென்ற இடத்தில், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் ஒருவர் அவர்களைத் தற்செயலாகச் சந்தித்தார். மூன்று செய்திகளைச் சொன்னார். ஒன்று, இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் காலவரம்புக்கு ஒரு வரலாறு உண்டு: 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது, ஏழைகளின் மனுக்கள் கதவருகிலேயே தள்ளப்படுவதைக் கண்டு 1994-இல் நாடாளுமன்றமே அதை நீக்கியது, 2019 திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது, 2022 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் உள்ளது. உச்ச நீதிமன்றத்தில் அதன் செல்லுபடி கேள்விக்குள்ளாகியிருக்கிறது. எனினும் காயம்பட்டவர் அந்த முடிவுக்காகக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. இரண்டு, மனுவை விபத்து நடந்த ஹரியானாவில்தான் தொடுக்க வேண்டும் என்பதில்லை. 166-ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலேயே தொடுக்கலாம். வேற்று மாநிலத்தில் அடிபட்டு ஊர் திரும்பும் லாரித் தொழிலாளர்களும் கட்டடத் தொழிலாளர்களும் எத்தனை பேர் இதை அறிவார்கள்? நாமக்கல் ஓட்டுநர் ஒருவர் நாக்பூரில் காலிழந்தால் நாமக்கல்லிலேயே வழக்கிடலாம். மூன்றாவது செய்தியைக் கேட்டுத் தச்சர் சிறிது நேரம் பேசவில்லையாம்: மாற்றுத்திறனாளி என்ற நிலையில், வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அவருக்குக் கட்டணமில்லா வழக்கறிஞரை உரிமையாக்குகிறது. கை போனதால் கிடைத்த முதல் உரிமை அது.

உண்மையில் அவர் எவரையும் தேடிப் போயிருக்க வேண்டியதே இல்லை. தில்லி உயர் நீதிமன்றம் பல ஆண்டுகள் செதுக்கிய நடைமுறை ஒன்று 2022 முதல் நாடு முழுமைக்குமான விதியாகியிருக்கிறது. விசாரணை அலுவலர் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பத்து நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். 90 நாள்களுக்குள் விரிவான அறிக்கை. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகக் கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. ஒழுங்காக நடந்தால் ஏழையின் வீட்டுக்கதவைச் சட்டமே வந்து தட்டும் ஏற்பாடு. இவ்வழக்கில் படிவம் வரவில்லை. தில்லியில் சிகிச்சை, ஹரியானாவில் வழக்கு. இரு மாநிலங்களுக்கு நடுவே காகிதம் எங்கோ தங்கிவிட்டது.

மனு ஆறு மாதக் கெடுவுக்கு ஒன்பது நாள்கள் இருக்கையில் தாக்கலானது. சட்ட உதவிக் குழுவின் வழக்கறிஞர் இளம்பெண். அவர்தான் அந்த நீலவெளிச்சத்தைப் பற்றி முதன்முதலில் விரிவாகக் கேட்டவர். இழப்பீடு பெறுவதற்கு அலைபேசியை நிறுவுவது கட்டாயமில்லை என்பதை அவர் விளக்கினார். இங்கே குற்றவழக்கின் ஐயத்துக்கு இடமற்ற சான்று தேவைப்படாது. எது நிகழ்ந்திருக்கக் கூடும் என்ற நிகழ்தகவின் எடையே போதும். முற்றத்திலிருந்து சாலைக்கு வருபவர் சாலையில் வருவோருக்கு வழிவிடவில்லை என்பதே கவனக்குறைவைக் காட்டும். பின் ஏன் அவர் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டார்? காப்பீட்டு நிறுவனத்தின் பதிலுரை வந்தபோது காரணம் தெளிவாயிற்று. மிதிவண்டியில் பின்விளக்கு இல்லை, பிரதிபலிப்பான் இல்லை, மனுதாரர் கருநிறக் கம்பளி அணிந்திருந்தார், ஆகவே விபத்தில் அவர் பங்கும் உண்டு. பங்கு என்று நிறுவப்பட்டால் அத்தனை விழுக்காடு தொகை குறையும். பின்னாலிருந்து மோதாத வண்டிக்குப் பின்விளக்கு எதற்கு என்பது ஒருபுறமிருக்க, பார்க்கவே செய்யாத கண்ணுக்கு எந்த விளக்கும் பயன்படாது. அதை நிறுவ வேண்டுமானால் அந்தக் கண் எங்கே இருந்தது என்று காட்டியாக வேண்டும்.

காட்டுவது எளிதாயில்லை. ஓட்டுநரின் அலைபேசியைக் காவலர்கள் கைப்பற்றவில்லை. தாபாவின் கண்காணிப்புக் காட்சிகள் சில வாரங்களிலேயே புதிய காட்சிகளால் அழிந்துவிட்டன. தேநீர்க்கடை இளைஞர் ஊருக்குப் போய்விட்டார். உதவி செய்தவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என 134அ பிரிவு காக்கிறது, அது நியாயமே. எஞ்சியது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பதிவு. உரிம நிபந்தனைப்படி அதை இரண்டாண்டுகள் வைத்திருக்க வேண்டும். தீர்ப்பாயம் அழைத்து வரவழைத்தது. விபத்து நேரத்தில் அழைப்பு எதுவுமில்லை. இணையத் தரவு ஓடிக்கொண்டிருந்தது என்பது மட்டும் தெரிந்தது. திரையில் என்ன இருந்தது என்பதை அது சொல்லாது. ஓட்டுநர் தம் வாக்குமூலத்தில், சரக்கு இறக்க வேண்டிய முகவரிக்கு வழி பார்த்துவிட்டு அலைபேசியை வைத்துவிட்டதாகக் கூறினார். விதியின் விலக்கு அவருக்குத் தெரிந்திருந்ததோ, சொல்லிக்கொடுக்கப்பட்டதோ.

அந்த ஓட்டுநரையும் ஒரு வரியில் கடந்துபோக இயலாது. மாதம் இத்தனை நடை என்று கணக்கு; உரிமையாளர் "எங்கே இருக்கிறாய்" என்று இருபது நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்புகிறார்; பதில் தராவிட்டால் அன்றைய கூலியில் பிடித்தம். அலைபேசி அவருக்குக் கேளிக்கைப் பொருள் அன்று, முதலாளியின் குரல். இழப்பீட்டுச் சட்டம் ஓட்டுநரின் பிழைக்கு உரிமையாளரைப் பொறுப்பாக்கி, அந்தப் பொறுப்பைக் காப்பீட்டாளர்மேல் ஏற்றுகிறது. செய்தி அனுப்பிய விரலை எந்தப் பிரிவும் தொடுவதில்லை.

இனிக் கணக்கு. தச்சருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது; அத்தகையோருக்குத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் குறைந்தபட்சக் கூலியை அளவாக எடுத்துக்கொள்ளும். மாதம் 15,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,80,000. 2017-ஆம் ஆண்டு அரசியல்சாசன அமர்வின் தீர்ப்புப்படி, நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழிலாளருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 விழுக்காடு கூட்டினால் 2,52,000. 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அட்டவணையில் 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கி 16. ஆக 40,32,000 ரூபாய். இதை எத்தனை விழுக்காட்டால் பெருக்குவது என்பதில்தான் ஒரு மனிதரின் எஞ்சிய வாழ்வு தொங்குகிறது. மருத்துவச் சான்றிதழின்படி ஊனம் 60 விழுக்காடு. அதையே எடுத்தால் 24,19,200. ஆனால் உச்ச நீதிமன்றம் 2011-இல் வழங்கிய ஒரு தீர்ப்பு, உடல் ஊனமும் வருவாய் ஈட்டும் ஆற்றலின் இழப்பும் ஒன்றல்ல என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியது. கையிழந்த அரசு எழுத்தர் தம் வேலையில் தொடரக்கூடும். கையிழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ இழப்பு ஏறக்குறைய முழுமையானது. தீர்ப்பே எடுத்துக்காட்டாகச் சொன்ன தொழில்களில் தச்சும் ஒன்று. நூறு விழுக்காடு என்றால் முழுத் தொகை. இடைவெளி 16 லட்சத்துக்கு மேல்.

அந்த இடைவெளி எவ்வளவு எளிதில் சுருங்கும் என்பதற்கு 2020-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு தில்லி வழக்கு சான்று. தட்டச்சுசெய்து பிழைத்த இருபது வயது இளைஞர் வலக்கையை இழந்தார். சான்றிதழ் 89 விழுக்காடு என்றது. உயர் நீதிமன்றம் 45 ஆக்கியது. எதிர்கால வளர்ச்சிக்கான கூடுதலையும் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 65 விழுக்காட்டையும் 40 விழுக்காட்டுக் கூடுதலையும் அளித்தது. நீதி கிடைத்தது என்று கொண்டாடலாம். இரு கைகளால் தட்டச்சு செய்த ஒருவர் மூன்று நீதிமன்றப் படிகளை ஒற்றைக் கையோடு ஏறினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு அழைத்தது. ஒன்பது லட்சம். அங்கே ஏற்றுக்கொண்டால் அது இறுதி, மேல்முறையீடு கிடையாது. வழக்கறிஞர் கணக்கை எழுதிக் காட்டினார்; முடிவை அவர்களிடமே விட்டார். "அக்கா, கடனுக்கு வட்டி ஓடுகிறது. இன்று வரும் ஒன்பது, என்றோ வரும் நாற்பதைவிடப் பெரியது" என்றார் தச்சரின் மனைவி. அதில் பிழையேதும் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் குறைவாக ஏற்றுக்கொள்வோரை ஏமாளிகள் என்று பேசும் சட்டக் கட்டுரைகள், மாதம் நூற்றுக்கு மூன்று வட்டியை எந்தப் பெருக்கியால் பெருக்குவது என்று சொல்வதில்லை. தச்சர் அன்று வாய் திறக்கவில்லை. வீடு திரும்பும் வழியில், பேருந்தில், "வேண்டாம்" என்றார். கருவிகளில் இரண்டு உளிகளையும் இழைப்புளியையும் விற்று அந்த மாத வட்டி கட்டப்பட்டது. கொட்டாப்புளியை மட்டும் அவர் கொடுக்கவில்லை. உளியைப் பிடிப்பது இடக்கை, கொட்டாப்புளியால் அடிப்பது வலக்கை. இடக்கைக்கு இருபது ஆண்டுகளாகப் பிடிக்கத்தான் தெரியும்.

குறுக்கு விசாரணை ஒரு புதன்கிழமை நடந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் மரியாதையாகவே கேட்டார். மிதிவண்டியில் விளக்கு இருந்ததா? இல்லை, ஐயா. கம்பளியின் நிறம்? கரும்பழுப்பு. அலைபேசியைக் கண்ணால் பார்த்தீர்களா? இல்லை. அது என்ன நிறம், எந்தக் கையில் இருந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. பார்க்காத பொருளைப் பற்றி எப்படிச் சொல்கிறீர்கள்?

தச்சர் மைதிலி கலந்த இந்தியில் பதில் சொன்னார். "ஐயா, நான் அலைபேசியைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். இருட்டில் வண்டி ஓட்டுகிறவரின் முகம் வெளியே இருக்கிறவனுக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது."

நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். தட்டச்சு முடிந்து தாள் வந்தது. கையில்லாதவர் என்பதைக் கவனித்த எழுத்தர், பெருவிரல் ரேகைக்காக மைப்பெட்டியை இடப்பக்கம் நகர்த்தி வைத்தார். தச்சர் வேண்டாமென்று தலையசைத்துப் பேனாவை வாங்கிக்கொண்டார். பெயரை எழுதி முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. அடுத்த வழக்கின் எண்ணை அதற்குள் இருமுறை அழைத்துவிட்டார்கள்.